ஓக் மரத்தில் இரண்டு குடித்தனம்

வைட்டன்புருன், 6 அக்டோபர் 1996

ரோஸ்விதா,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச வந்துவிட்டான் என்று பயப்படாதே. இது அலுவல் கடிதம். இயற்கைச் சங்கத்து மலருக்கு ஆசிரியன் ஓட்மார் இருக்கிறானே, அவன் நேற்று கதவைத் தட்டினான். தொப்பியைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டான்.

"ஏன்யா கெர்னோட், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து எழுதித் தர்றோம்னு அன்னிக்குக் கையடிச்சுக் குடுத்தீங்களா இல்லையா? வௌவாலையும் மரக்காளானையும் ஒப்பிட்டு எட்டுப் பக்கம். உங்க வீட்டுச் சண்டைக்காக நான் எட்டுப் பக்கத்தை வெள்ளையா விடணுமா?"

"அவ இங்க இல்லையே" என்றேன்.

"ஊருக்கே தெரியும். தபால் இருக்குல்ல?"

ஆகவே தபால். காளான் பாதியை நான் எழுதுகிறேன், வௌவால் பாதியை நீ எழுதி அனுப்பு. நடுவில் ஒப்பீட்டை யாராவது ஒருவர் தைத்துக்கொள்ளலாம். தபால் பெட்டியில் உன் பெயரை இன்னும் எடுக்கவில்லை. சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

உன் அக்கா கெர்லிண்டேவைக் கேட்டதாகச் சொல். அந்தக் கடற்கரையில் மரம் என்று ஏதாவது இருக்கிறதா?

கெர்னோட்


எம்டன், 14 அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய திரு. கெர்னோட் ஷ்டென்கர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை. கேட்ட குறிப்புகள் கீழே. இவற்றைத் திருத்த வேண்டாம்.

பெக்ஸ்டைன் வௌவால். எடை பத்து கிராம், அதாவது ஒரு கடிதத்தின் கனம். உடம்புக்குப் பொருந்தாத நீளக் காது. இலையின் மேல் பூச்சி நடக்கும் ஓசையைக் கேட்டே பிடிக்கும். வயதான காடு வேண்டும், மரங்கொத்தி துளைத்த பொந்து வேண்டும். ஒரே பொந்தில் தங்காது, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மரம் மாறும். மாறினாலும் கூட்டமாகத்தான் மாறும். கூட்டத்தில் இருப்பவை தாய்கள், மகள்கள், சித்திகள். ஆண்கள் தனியே எங்கேயோ தொங்கும். வருஷத்துக்கு ஒரு குட்டி. பெண் வௌவால் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தில் சேராது. சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

தனிப்பட்ட விஷயம் எதையும் இனி எழுத வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

ரோஸ்விதா ஷ்டென்கர்

மரங்கள் இல்லை. காற்றுக்குச் சாய்ந்த ஏழெட்டுப் புதர்கள் உண்டு.


வைட்டன்புருன், 20 அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

இருபத்தாறு வருஷம் என்னை 'ஏ தாடிக்காரா' என்று கூப்பிட்டவள் நீ. அந்த வாயால் 'தாங்கள்' என்று படித்ததும் அடுப்பில் இருந்த சூப் பொங்கி வழிந்தது. இந்த வீட்டில் அப்படி யாரும் யாரையும் அழைத்ததில்லை. வரிவசூல்காரன் தவிர.

சரி, என் பாதி. முள்தாடிக் காளான். வயதான ஓக் மரத்தின் காயத்தில் குடியேறும். வெள்ளை வெளேரென்று ஒரு பந்து, அதிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஆயிரம் மெல்லிய முள். பார்த்தால் கிழவனின் தாடிதான். அது வெளியே தலைகாட்டுவது வருஷத்தில் சில வாரம். மற்ற நாளெல்லாம் மரத்துக்குள்ளே நூல்நூலாக இருந்துகொண்டு உள்மரத்தைத் தின்கிறது. கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் கிடையாது. அது தின்று மெத்தென்று ஆக்கிய இடத்தைத்தான் மரங்கொத்தி துளைக்கிறது, அந்தப் பொந்தில்தான் உன் நீளக்காதுச் சீமாட்டிகள் குடிவருகிறார்கள். வீட்டைக் கட்டியவன் பெயரை யாரும் கேட்பதில்லை. இதைக் கட்டுரையில் அப்படியே போடப் போகிறேன்.

உன்னுடையது வருஷத்துக்கு ஒரு குட்டி போடுகிறது. என்னுடையது கோடிக்கணக்கில் விதைத்தூளை ஊதிவிடுகிறது, அதில் ஒன்று இன்னொரு மரத்தில் ஒட்டினால் பெரிய விஷயம். அப்படி ஒட்டினாலும் அதே மரத்தில் தன் இனத்தில் இன்னொன்றைச் சந்தித்தால்தான் தாடி முளைக்கும். சந்திக்காவிட்டால் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். உன்னுடையது இடம் மாறிக்கொண்டே இருக்கும், என்னுடையது அசையாது. ஆனால் இரண்டுக்குமே ஊர்விட்டு ஊர் போய் வாழத் தெரியாது. ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எம்டனில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்களா?

இன்னொரு செய்தி. தனிப்பட்டது அல்ல, வௌவாலைப் பற்றியது. பன்றிப்பள்ளத்துக்கு மேலே ஒரு ஓக் மரத்தில் ஆகஸ்ட் அந்தியில் பதினான்கு எண்ணினேன். அன்று தப்பியவையாக இருக்க வேண்டும். மரத்தில் என் காளானும் இருக்கிறது. நடைபாதை அதன் காலடியிலேயே போனது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நடைச்சங்கத்தில் வழிக்குறி வரைபவன் நான்தானே? வழிகாட்ட மரங்களில் வரைந்திருந்த பழைய சிவப்புக் குறிகளைச் சுரண்டிவிட்டு, பாதையை இருநூறு அடி கீழே தள்ளிப் புதிதாக வரைந்துவிட்டேன். பாதை ஓரத்தில் இல்லாத மரம் யார் தலையிலும் விழாது. ஆகவே யாரும் அதை வெட்ட வேண்டியதில்லை.

புதுப் பாதை சதுப்பு வழியாகப் போகிறது. விடுதிக்கார நோட்புர்கா என்னைக் கண்டதும் துடைப்பத்தைத் தூக்கிக்காட்டினாள். "உன் பாதையில வர்றவன்லாம் முழங்கால் வரைக்கும் சேத்தோட வந்து என் தரையில நிக்கிறான். நடைபாதை போட்டியா, எருமைக்குக் குளம் வெட்டினியா?" என்றாள்.

கெர்னோட்


எம்டன், 2 நவம்பர் 1996

கெர்னோட்,

'தாங்கள்' வேண்டாம், விட்டுவிட்டேன். அதில் எழுதினால் கோபம் சரியாக வரவில்லை.

பாதையை இப்போது தள்ளி வைத்தாயே, அன்றைக்கு ஏன் தள்ளி வைக்கவில்லை? அன்றும் தூரிகை உன் கையில்தானே இருந்தது?

நீ மறந்திருப்பாய். நான் சொல்கிறேன். 1994 ஜூன் 16, வியாழன். காலை ஏழு மணி. நீ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய். நான் சொன்னேன்: "நேத்து சாயங்காலம் எல்லாம் மரம் மாறிடுச்சு. பாதை ஓரத்துப் பெரிய ஓக்குல இருக்கு, உன் தாடி இருக்கிற மரம். முப்பத்தெட்டு. குட்டி போட ஆரம்பிச்சாச்சு." நீ "ம்" என்றாய். தலையைக் கூடத் தூக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் உன் காளானைப் பற்றி வனத்துறைக்கு நான்கு பக்க அறிக்கை அனுப்பியிருந்தாய், வரைபடத்தோடு. மாவட்ட நடைவிழா வருகிறது, பாதை ஓரத்தில் உளுத்த மரம் ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த நேரம். காளான் என்று படித்தவர்கள் உளுத்தது என்று புரிந்துகொண்டார்கள். வேறு எந்த ஊரில் ஒருவன் தன் மரத்துக்குத் தானே நான்கு பக்கத்தில் மரண ஓலை எழுதுவான்? வெள்ளிக்கிழமை மதியம் வெட்டினார்கள். பறக்கத் தெரியாத குட்டிகள், அவற்றை விட்டுப் போக மனமில்லாத தாய்கள். செத்துக்கிடந்த இருபத்துமூன்றை நான் கையால் பொறுக்கினேன். உன் ரொட்டிக்கூடையில் வைத்தேன், வேறு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை.

மரம் விழுந்ததும் உன் காளானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் விழுந்த மரத்திலேயே முன்னைவிடப் பெரிதாகப் பூத்ததாம், நீ படம் எடுத்தாயாம். ஓட்மார் சொன்னான். ஒப்பீட்டில் இதையும் சேர்த்துக்கொள்: மரம் செத்தால் ஒன்று சாகும், மற்றது கொழுக்கும்.

உன்னைக் கொலைகாரன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நீ என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் ஒரு "ம்"மோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் உறைத்தது. அதற்கு மேல் அந்த மேஜையில் உட்கார முடியவில்லை.

சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டாய். அக்கா வீட்டில் எல்லோரும் அன்பானவர்கள். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் கடற்கரைப் பேச்சில் சிரித்துக்கொள்வார்கள். எனக்குப் பாதி புரியாது. நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். பிறகு அறைக்குப் போய்விடுவேன்.

ரோஸ்விதா


வைட்டன்புருன், 24 நவம்பர் 1996

ரோஸ்விதா,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் நான்கிலும் "ஆமாம், கேட்கவில்லை, மன்னித்துவிடு" என்று எழுதினேன். அப்படி எழுதினால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்றுகூடத் தோன்றியது. கவனக்குறைவை மன்னிக்கலாம் இல்லையா? வயதான ஆண்கள் செய்யும் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள்.

நான் கேட்டேன்.

நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. முப்பத்தெட்டு என்றாய், குட்டி போட ஆரம்பித்தாயிற்று என்றாய். அன்று பத்து மணிக்கு வனக்காவலர் கிலியான் தொலைபேசியில் கூப்பிட்டார். நீ தோட்டத்தில் இருந்தாய்.

"ஷ்டென்கர், பாதை ஓரத்து ஓக்கைப் பத்திக் கேக்கணும். மேல இருந்து நெருக்குறாங்க. அந்த மரத்துல பாதுகாக்க வேண்டியது வேற ஏதாச்சும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு, பாதையை அடைச்சுட்டு மரத்தை விட்டுடறேன்."

"என் காளான் இருக்கே, அது போதாதா?" என்றேன்.

"காளான் சரிய்யா. வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

இப்படித்தான் சொன்னேன். ஏன் என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். தொண்ணூற்றிரண்டில் செய்தித்தாளில் உன் படம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஏணியின் உச்சியில் நீ, கையில் வௌவால். கீழே அச்சடித்திருந்தார்கள்: 'ஏணியைப் பிடித்திருப்பவர் அவரது கணவர்.' முப்பது வருஷம் இந்தக் காட்டின் காளான்களைக் குனிந்து குனிந்து எழுதிவைத்தவனுக்கு ஊரில் அன்றிலிருந்து அதுதான் பெயர். கடையில் "ஏணி, எப்படி இருக்கே?" என்பார்கள். உன் வௌவால் ஒரு மரத்தில் இருக்கிறது என்றால் அதிகாரிகள் ஓடி வருவார்கள். என் காளான் இருக்கிறது என்றால் கொட்டாவி விடுவார்கள். ஒரே ஒரு மரமாவது என் காளானுக்காக நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். உன் வௌவாலைச் சொல்லிவிட்டால் அந்த மரமும் உன் மரமாகிவிடும் என்று நினைத்தேன். வெட்டுவார்கள் என்று நினைக்கவே இல்லை, சத்தியமாக. அபூர்வக் காளான் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேனே!

அவர்கள் ரம்பத்தோடு போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடியிருப்பேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

மரம் விழுந்த பிறகு நீ "காதுல விழலையா, கெர்னோட்?" என்று கேட்டாய். நான் "விழலையே" என்றேன். அந்தப் பொய்தான் இரண்டு வருஷமாக என்னோடு இந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறது. வேறு யாரும் இல்லை.

கெர்னோட்


எம்டன், 9 மார்ச் 1997

கெர்னோட்,

மூன்று மாதம் உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரை மேட்டில் நடந்தேன். அக்கா கேட்டாள்: "யாராச்சும் செத்துட்டாங்களாடி?" இல்லை என்றேன்.

முதலில் வந்தது கோபம். உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இருபத்துமூன்று உயிரை ஒரு படத்தின் கீழ் இருந்த ஒரு வரிக்காகக் கொடுத்திருக்கிறாய். அந்தக் கோபம் போகவில்லை, போகும் என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் இன்னொன்றும் வந்தது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் பேசியது உன் காதில் விழுந்திருக்கிறது. அந்த மேஜையில் நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. முப்பத்தெட்டு என்ற எண் கூட உனக்கு நினைவிருக்கிறது. இரண்டு வருஷமாக நான் அழுதது எதற்காகவோ அது நடக்கவே இல்லை. நான் அழாத ஒன்று நடந்திருக்கிறது. எது மேல் என்று எனக்கே புரியவில்லை, கெர்னோட்.

அந்தப் படத்தைப் பற்றி. நிருபர் உன் பெயரைக் கேட்டார். நான் சொன்னேன். அச்சில் வராததைப் பார்த்ததும் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்தேன், சுருங்கியது தெரிந்தது. தெரிந்தும் சிரித்தேன். ஒரு தொலைபேசி போட்டுத் திருத்தச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த ஏணி உச்சி பிடித்திருந்தது.

கட்டுரையை ஓட்மாருக்கு அனுப்பிவிட்டேன். ஒப்பீட்டை நானே தைத்தேன். உன் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். அகரவரிசைக்காக அல்ல, வீட்டைக் கட்டியவன் முதலில் வர வேண்டும் என்பதால். மரம் செத்தால் மற்றது கொழுக்கும் என்று நான் எழுதியதை எடுத்துவிட்டேன். நிற்கும் மரத்தில்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பயன்படுகின்றன என்று மாற்றினேன்.

நான் வரவில்லை. அந்தப் பாதையில் நடக்க என் காலுக்குத் தெம்பில்லை. நீ ஒன்று செய். மே மாதம் அவை பொந்துக்குத் திரும்பும். அந்தியில் வெளியே வரும்போது எண்ணு. எண்ணை மட்டும் ஒரு அட்டையில் எழுதி அனுப்பு. வேறெதுவும் எழுதாதே. இப்போதைக்கு என்னால் அவ்வளவுதான் தாங்க முடியும்.

ரோஸ்விதா


வைட்டன்புருன், 18 மே 1997

பதினேழு.

கெ.


வைட்டன்புருன், 2 ஜூன் 1997

பத்தொன்பது. ஒன்று இரண்டு முறை வந்து போனது, அதை ஒருமுறைதான் சேர்த்திருக்கிறேன்.

கெ.


வைட்டன்புருன், 10 ஜூன் 1997

பத்தொன்பது. மன்னித்துவிடு, ஒரே ஒரு வரி அதிகம்: நடைச்சங்கம் என்னிடமிருந்து தூரிகையைப் பிடுங்கிக்கொண்டது. ஆனால் பாதையைப் பழையபடி மாற்ற எல்லோருக்கும் சோம்பல்.

கெ.


வைட்டன்புருன், 20 ஜூன் 1997

ஒன்றும் இல்லை. மூன்று அந்தியாக ஒன்றும் இல்லை. மரம் நிற்கிறது, பொந்தில் கீறல் இல்லை, மரநாய் ஏறிய தடமும் இல்லை. மாறிவிட்டன. சுற்றி நாற்பது மரம் பார்த்துவிட்டேன். குட்டிகள் இருக்கும் நேரம். எனக்குத் தேடத் தெரியவில்லை, ரோஸ்விதா. உன் கண் எனக்கு இல்லை.

கெ.


எம்டன், 23 ஜூன் 1997

கெர்னோட்,

பதறாதே. குட்டியைச் சுமந்துகொண்டு மாறியிருந்தால் தூரம் போயிருக்காது. இந்த வாரம் குளிர் என்று வானொலியில் சொன்னார்கள். குளிரில் அவற்றுக்கு வெயில் படும் பொந்து வேண்டும். காட்டின் தெற்கு விளிம்பைப் பார், ஓடைக்கு அந்தப் பக்கம். மேலே பார்க்காதே, எல்லோரும் அந்தத் தவறைத்தான் செய்வார்கள். பச்சை மரங்கொத்தி தாழ்வாகத் துளைத்த பொந்துகளைப் பார். பொந்தின் கீழ் உதடு கறுத்து மினுமினுத்தால் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம். சூரியன் மறைவதற்கு முன்னால் போய் அசையாமல் உட்கார். இருமாதே.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் அக்கா வீட்டுக்குத் தொலைபேசி செய் அல்லது எழுது. திங்கட்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தேடித் தருவதற்கு மட்டும். கிடைத்துவிட்டால் வரமாட்டேன், வந்து நிற்க எனக்கு வேறு காரணம் இல்லை. ரயில் நேரம் பார்த்துவைத்திருக்கிறேன், மதியம் இரண்டு இருபதுக்கு அங்கே இறங்கும்.

நீலப் போர்வையை வெயிலில் போடு, எதற்கும்.

ரோஸ்விதா


வைட்டன்புருன், 28 ஜூன் 1997

ரோஸ்விதா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றே போர்வையைக் கொடியில் போட்டேன். அறையைப் பெருக்கினேன். நோட்புர்காவிடம் திங்கட்கிழமைக்கு ஒரு முழு முயல் சொல்லிவைத்தேன். "யாரு வர்றா, ஏணி?" என்றாள். "வரலாம்" என்றேன். அவள் வழக்கமாக அப்படிச் செய்யாதவள், தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓடையைத் தாண்டித் தெற்கு விளிம்புக்குப் போனேன். நீ சொன்னபடி மேலே பார்க்கவில்லை. மார்பளவு உயரத்தில் ஒரு பொந்து, கீழ் உதடு எண்ணெய் தடவியதுபோல் கறுத்திருந்தது. உட்கார்ந்தேன், இருமவில்லை. பத்தொன்பது வெளியே போயின. போன பிறகு உள்ளே இருந்து சின்னச் சின்னதாகக் கீச்சுச் சத்தம் கேட்டது. குட்டிகள். எத்தனை என்று சத்தத்தை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு அட்டையை எடுத்து 'இன்னும் கிடைக்கவில்லை' என்று எழுதினேன். அஞ்சல்தலையும் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை முழுக்க அது மேஜைமேல் கிடந்தது, தபால்காரி வந்து போனாள், கொடுக்கவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்திலும் போய் இரண்டு முறை நின்றேன். இன்று காலை அட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

இது திங்கட்கிழமைக்குள் வந்து சேராது, நீ காத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் இன்று மதியம் உன் அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். நீ கடற்கரைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். உன் குரலைக் கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

கிடைத்துவிட்டன, ரோஸ்விதா. எல்லாம் நலம். நீ வர வேண்டிய அவசியமில்லை.

கெர்னோட்